நூறு டிகிரி என்று சொல்லிக் கொடுத்தேன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். கார், வேன், லாரி ஓட்டுகிறவர்கள் அவசியம் கடைசி வரை படிக்க வேண்டும். நாமக்கல் பக்கத்துப் பள்ளியில் என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு வண்டிதான் சோறு போடுகிறது என்பதால், இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஆடிப் பெருக்கு முடிந்த மறுவாரம் என் அண்ணன் மகன் குடும்பத்தோடு கொல்லிமலைக்குக் காரில் போனான். அவன் எனக்கு மருமகன் மட்டுமில்லை, ஐந்தாம் வகுப்பில் என் மாணவனும்கூட. பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டுக்கு வந்தால் அத்தை. காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு என்பது உங்களுக்குத் தெரியும். பாதி மலை ஏறும்போது டாஷ்போர்டில் சூட்டு முள் சிவப்புக்குப் போயிருக்கிறது. பானெட் ஓரத்தில் ஆவி. வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியில் வைத்துத் திருகிவிட்டான். மூடி பறந்தது. கொதிக்கும் தண்ணீரும் ஆவியும் முகத்திலும் கழுத்திலும் வலது கையிலும் அடித்தன. மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பின் சீட்டில் இருந்த பிள்ளைகள் இரண்டும் அப்பா அலறியதைப் பார்த்து இன்றைக்கும் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, "ஏன் கண்ணு, சூடா இருக்கறப்போ திறக்கலாமா?" என்று கேட்டேன். "அப்பா எப்பவும் அப்படித்தானுங்களே அத்தை திறப்பாரு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி நூறு டிகிரிக்கு மேல போகாதுன்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க. கொதிச்ச தண்ணிதானேன்னு நினைச்சேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னான். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணன் வாயே திறக்கவில்லை. எனக்கும் பேச வரவில்லை.

அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊருக்கு வந்தபின் இரண்டு வாரம் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சொல்லாமல் விட்ட பாடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அண்ணன் கதை. 1978 வாக்கில் அண்ணன் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். உத்தரபாராவில் செய்த வண்டி, இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இந்திய வடிவம். அரப்பளீஸ்வரர் கோயிலுக்குச் சவாரி கிடைத்து இடமும் இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்வார். எனக்கு ஒரு வேலை உண்டு. காலுக்கடியில் ஒரு தண்ணீர் கேன், அதன்மேல் ஈரச் சாக்கு, இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து வளைவு ஏறியதும் ரேடியேட்டர் புகைய ஆரம்பிக்கும். நிழலாகப் பார்த்து நிறுத்துவார். ஒரு பீடி பிடிப்பார். சாக்கைப் போட்டு மூடியைத் திருகுவார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, கொஞ்சம் ஆவி, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றி மூடுவார், கிளம்புவோம். அந்த வயதில் எனக்கு அது சாமிக்குத் தீர்த்தம் விடுகிற மாதிரி ஒரு சடங்காகத்தான் தெரிந்தது.

அண்ணன் செய்தது அந்த வண்டிக்குப் பெரும்பாலும் பலித்தது. அந்த மூடியில் அழுத்தம் குறைவு. அதிலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் என்றைக்கோ இற்றுப் போயிருக்கும். பீடி முடியும் நேரத்துக்குள் ஆவி தானே கசிந்து இறங்கிவிடும். மகன் ஓட்டியது இந்தக் காலத்துக் கார். அந்த இரண்டு மூடிக்கும் நடுவே நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது.

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பெட்ரோல் கொடுக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மீதியை எஞ்சினைச் சுற்றியிருக்கிற தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாம் காசு கொடுத்துப் போடும் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் வெந்நீர் போடத்தான் என்பது எனக்கே இப்போதுதான் உறைத்தது.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இப்போது இருப்பது போன்ற ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். கொதிக்கும், ஆவியாகப் போகும், குறையக் குறைய ஊற்ற வேண்டும். அடுப்பில் உலை வைத்த மாதிரிதான். இதை நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்த முதல் ஆள் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்ட் மாதம், கணவரிடம் சொல்லாமல், 15 வயதும் 13 வயதுமான இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் ஊரில் மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. வழியெல்லாம் தண்ணீர் கிடைத்த இடத்திலெல்லாம் நிறுத்தி ஊற்றிக்கொண்டே போனார்கள். என் காலடியில் இருந்த கேனுக்கு அதுதான் பாட்டி முறை.

கவனியுங்கள், அந்த வண்டியில் தண்ணீர் கொதிப்பது கோளாறு கிடையாது. கொதிப்பதுதான் அதன் வேலை. திறந்த பாத்திரம், அழுத்தம் இல்லை. அருகில் நின்று ஊற்றினால் கையில் கொஞ்சம் ஆவி படலாம், அவ்வளவுதான். கொதித்தால் திற, தண்ணீர் ஊற்று என்ற பழக்கம் காரோடு சேர்ந்தே பிறந்தது.

ஆனால் வழி நெடுக ஊற்றிக்கொண்டே போக முடியுமா? ஆவியாகப் போகவிடாமல் அதே தண்ணீரை ஆறவைத்துத் திரும்பப் பயன்படுத்தப் பலர் பலவிதமாக முயன்றார்கள். அதில் பெரிய திருப்பம் டைம்லர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் செய்தது. எமில் ஜெல்லினெக் என்ற வியாபாரி, பந்தயத்தில் ஜெயிக்கிற மாதிரி ஒரு வண்டி வேண்டும், அதற்குத் தன் மகள் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டார். அந்தச் சிறுமியின் பெயர் மெர்சிடிஸ். அந்த 35 குதிரைத்திறன் வண்டி 1901 மார்ச்சில் பிரான்ஸின் நீஸ் நகரப் பந்தயங்களில் எல்லாரையும் தோற்கடித்தது. அதன் முகப்பில் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டர் அகலத்தில் 8,070 சிறு சதுரக் குழாய்களைச் சேர்த்து ஒட்டியது. குழாய்களுக்குள் காற்று, அவற்றின் இடுக்கில் தண்ணீர். பின்னால் ஒரு விசிறி. சூடான டீயை டம்ளரில் வைத்துக்கொண்டிருப்பதைவிட வட்டாவில் பரப்பி ஆற்றினால் சீக்கிரம் ஆறுகிறதல்லவா, அதே கணக்கு. காற்றுப் படும் பரப்பு கூடியதும் கொஞ்சம் தண்ணீரே போதும் என்றாகிவிட்டது. இன்றைக்கு உங்கள் கார் முகப்பில் வலை வலையாகத் தெரிகிறதே, அது இதன் வம்சம்தான்.

அடுத்து ஃபோர்டின் மாடல் டி. 1908-இல் வந்தது, 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டி. முதலில் செய்த கொஞ்ச வண்டிகளைத் தவிர மற்றவற்றில் தண்ணீர் பம்பே கிடையாது. எப்படி ஓடியது? இதை உங்கள் எல்லாருக்கும் நான் செய்து காட்டியிருக்கிறேன்! கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி, அடியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் துணுக்கு ஒன்றைப் போட்டு, மெழுகுவர்த்தியில் சூடாக்கினால் ஊதா நிறக் கோடு மேலே ஏறி வளைந்து பக்கவாட்டில் இறங்கும். வெப்பச்சலனம். அதே ஐந்தாம் வகுப்புச் சோதனைதான் ஒன்றரைக் கோடி காரையும் குளிர வைத்தது. சூடான தண்ணீர் எஞ்சினிலிருந்து தானே மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறி இறங்கும், திரும்ப எஞ்சினுக்குப் போகும். சாதாரண ரோட்டுக்குப் போதும். மலை ஏறினால் கொதிக்கும்.

மலை ஏறினால் ஏன் கொதிக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது, ஆனால் வண்டி முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ ஊர்கிறது. உள்ளே சூடு அதிகம், முன்னால் அடிக்கிற காற்று குறைவு. ஏசியும் ஓடினால் அதன் சூடும் ரேடியேட்டருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, உயரம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை குறையும். முந்நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. கொல்லிமலை உச்சியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் 93-க்கும் கீழே. நூறு டிகிரி என்று நான் சொன்னது அங்கேயே பொய்யாகிவிட்டது பாருங்கள். ஊட்டிக்குப் போன என் அம்மா "இங்க பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று புலம்பியபோதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் சூடு ஏறுகிறது என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? ஆவி வந்தால்தான் தெரியும். 1910-களில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று ஒன்று வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஒரு தெர்மாமீட்டர், ஸ்டியரிங்கில் இருந்தபடி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். வட்டமாக, அழகாக இருக்கும். பழைய படங்களில் காரின் மூக்கில் பதக்கம் குத்திய மாதிரி தெரிவது அதுதான். பிறகு டாஷ்போர்டுக்குள் முள் வந்ததும் அது மறைந்தது. சூட்டைக் கண்டுபிடிக்கிற வேலை ஆவியிடமிருந்து முள்ளுக்கு வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த முள்ளைப் பார்க்கிறோம்? பெட்ரோல் முள்ளைப் பார்ப்போம். கிலோமீட்டரைப் பார்ப்போம்.

தண்ணீரே வேண்டாம், காற்றே போதும் என்று ஒரு கட்சியும் இருந்தது. 1923-இல் ஷெவ்ரலே நிறுவனம், செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கண்டுபிடித்த சார்லஸ் கெட்டரிங்கின் யோசனைப்படி, சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடுகளை ஒட்டி, காற்றாலேயே குளிரும் காரைக் கொண்டுவந்தது. வெயிலில் எஞ்சின் சூடேறித் திறன் இழந்தது. வாடிக்கையாளர் கைக்குப் போனதே சுமார் நூறு கார். அவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு அந்த முயற்சியையே நிறுத்திவிட்டார்கள். அதற்காகக் காற்றுக் குளிர்ச்சி தோற்ற யோசனை என்று நினைக்க வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அதில்தான் உலகம் சுற்றியது. நம் ஊர் புல்லட்டும் ஆட்டோவும் பல காலம் அதில்தான் ஓடின. பெரிய எஞ்சினுக்குத் தண்ணீர்தான் வசதி என்று ஆனது.

இனிமேல்தான் நம் கதைக்கு முக்கியமான இடம். தண்ணீர் கொதித்து ஆவியானால் எஞ்சினைக் குளிரவைக்க முடியாது, குமிழி இருக்கும் இடத்தில் இரும்பு காய்ந்துபோகும். எனவே தண்ணீரைக் கொதிக்கவிடாமல் இன்னும் அதிகச் சூட்டில் வைத்திருக்க முடியுமா என்று யோசித்தார்கள். இரண்டு வழி கிடைத்தது. ஒன்று, தண்ணீரில் வேறு திரவம் கலப்பது. எத்திலீன் கிளைகால் என்ற திரவத்தை 1850-களிலேயே பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் தயாரித்திருந்தார். அது 197 டிகிரியில்தான் கொதிக்கும், குளிரில் தண்ணீர் உறையவும் விடாது. 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் அமெரிக்கக் கார்களுக்கு விற்பனைக்கு வந்தது. நாம் இன்று பச்சை, சிவப்பு நிறத்தில் வாங்கும் கூலன்ட் பெரும்பாலும் இதுதான். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கும் உறவுகளுக்கு: கொதிநிலையை உயர்த்தவும், உள்ளே துருவும் உப்பும் பிடிக்காமல் காக்கவும். நம் போர் தண்ணீர் சோற்றுப் பானையில் வெள்ளையாகப் படிகிறதே, அது ரேடியேட்டர் குழாயிலும் அப்படியே படியும். மாரடைப்பு மாதிரிதான். ஒரு எச்சரிக்கை: கூலன்ட் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். குழந்தைகள், நாய், பூனை எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள், தரையில் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது வழி, மூடியை இறுக்குவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சின் முதலில் முழுக்கக் கிளைகாலில் ஓடியது. பிறகு 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைகால் என்று மாற்றி, அந்தக் கலவையை அழுத்தத்தில் அடைத்து வைத்தார்கள். கார்களுக்கும் அழுத்த மூடி பரவியது. ரேடியேட்டர் சிறியதாயிற்று, கொதிப்பதும் அபூர்வமாயிற்று. நம் ஊருக்கு 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பிறகு வந்த தலைமுறை, மலையில் பத்து வளைவுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றும் கதையைக் கேட்டால் சிரிக்கும்.

இந்த இரண்டாவது வழி கார்க்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், இறுக மூடிய பாத்திரத்தில் எலும்பையே மிருதுவாக வேகவைத்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டினார். அது வெடிக்காமல் இருக்க எடை வைத்த ஒரு வால்வும் சேர்த்தார். ஆமாம், உங்கள் வீட்டுக் குக்கரும் அதன் வெயிட்டும்தான். குக்கருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது.

இப்போது உங்கள் வண்டியின் ரேடியேட்டர் மூடியை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். 0.9 என்றோ 1.1 என்றோ அச்சடித்திருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் என்று அர்த்தம். குக்கரின் அழுத்தமும் ஏறக்குறைய அதேதான். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும், கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். 120 டிகிரித் தண்ணீர் நூறு டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அந்த உபரிச் சூடு தண்ணீரில் ஒரு பகுதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து லிட்டர் தண்ணீரில் 200 மில்லிக்கும் குறைவாகத்தான் ஆவியாகும். ஆனால் அந்த ஆவிக்கு 300 லிட்டர் இடம் வேண்டும். ஒரு பீப்பாய்க்கு மேல் ஆவி, ஒரு சிறிய வாய் வழியாக, மீதித் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. குனிந்து நிற்பவன் முகம்தான் அதற்கு எதிரே இருக்கிறது. துண்டு என்ன செய்யும், சாக்கு என்ன செய்யும்?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். "சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், கடல் மட்டத்தில்" என்பதைச் சேர்க்கவில்லை. பரீட்சையில் கேட்க மாட்டார்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று விட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவர் வீட்டிலும் குக்கர் இருந்தது. வெயிட் அடங்காமல் திறக்கக் கூடாது என்று அடி வாங்கித் தெரிந்து வைத்திருந்தார்கள். அதைச் சொல்லியிருந்தாலே புரிந்திருக்கும். அண்ணன் மருமகள், என் மருமகனின் மனைவி, ஒருநாளும் விசில் அடங்காமல் குக்கரைத் திறந்ததில்லை. அன்றைக்கு அவள் காருக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். கார் முன்னாலும் ஒரு குக்கர் இருக்கிறது என்று அவளுக்கும் யாரும் சொன்னதில்லை.

சரி, வண்டி சூடானால் என்ன செய்வது? என்னிடம் படித்து மெக்கானிக் ஆன இரண்டு பேரிடம் கேட்டு, வண்டிகளோடு வரும் கையேடுகளையும் பார்த்துச் சொல்கிறேன்.

முள் மேலே ஏறுகிறது, இன்னும் ஆவி வரவில்லை என்றால், முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டை அது கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்துவிட்டு, பத்திரமான இடம் கிடைத்ததும் ஓரம் கட்டுங்கள். முள் சிவப்பில் இருக்கும்போது "இன்னும் நாலு வளைவுதானே" என்று ஓட்டாதீர்கள். சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால் ஒரு வண்டியின் பாதி விலை போய்விடும். இன்னொரு சங்கதியும் மெக்கானிக் பையன் சொன்னான்: சிவப்பில் இருந்த முள் திடீரென்று குளிர்ச்சிப் பக்கம் சாய்ந்தால் சந்தோஷப்படக் கூடாது. சூட்டை அளக்கும் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓரம் கட்டி எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். நான்கு விளக்கும் மினுங்க விடுங்கள், எல்லாரும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள். ஆவி வந்துகொண்டிருக்கும்வரை பானெட்டையே தூக்காதீர்கள். அடங்கிய பிறகு தூக்கினாலும் விசிறிப் பக்கம் கை வைக்காதீர்கள். இப்போதைய மின்விசிறி, எஞ்சின் அணைந்திருந்தாலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

பிறகு காத்திருங்கள். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி. மூடியைத் தொடவே வேண்டாம். பல வண்டிகளில் ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா இருக்கும், அதில் குறைந்தபட்சக் கோடு வரை தண்ணீர் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும். எச்சரிக்கை: புது வண்டிகள் பலவற்றில் அந்த டப்பாவே அழுத்தத்தில்தான் இருக்கிறது, அதன் மூடிக்கும் இதே விதி. ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. நன்றாக ஆறிய பிறகு, முகத்தை விலக்கிக்கொண்டு, தடித்த துணி வைத்து, முதலில் கால் திருகு மட்டும். மீதி இருக்கும் காற்று சீறி அடங்கட்டும், பிறகு முழுவதும்.

ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. கரண்ட் இல்லாத காலத்தில் எரிகிற லாந்தர் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எஞ்சினின் இரும்பும் அப்படித்தான் விரிசல் விடும். வெளியே இருந்து பக்கெட்டில் ஊற்றுவதும் அதே கதைதான். கூலன்ட் இல்லாத இடத்தில் குடிதண்ணீர் ஊற்றிப் பணிமனை வரை மெதுவாகப் போகலாம், ஆனால் அன்றைக்கே காரணத்தைப் பார்த்துவிட வேண்டும். ஹோஸ் கசிவோ, விசிறி ஓடவில்லையோ, பெல்ட் போனதோ, தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டதோ, ஏதோ ஒன்று இருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "நம்ம ஊருக்கு இது தேவையில்லைங்க" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். எஞ்சினுக்குச் சரியான சூடும் வேண்டும். என் மருமகன் வண்டியில் கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? விசிறியின் ஃப்யூஸ் போயிருந்தது. சில ரூபாய்ச் சாமான்.

ஒருவேளை யாருக்காவது பட்டுவிட்டால், ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு எதுவும் பூசாதீர்கள். அன்று வழியில் நின்ற ஒரு நல்ல மனுஷர் உதவுவதாக நினைத்துப் பேஸ்ட்டைத் தடவிவிட்டார். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கும்போது அவன் பட்டபாட்டை நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். முகத்தில் தோல் புதிதாக வருகிறது, கை விரல்களை மடக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னைக் கூப்பிட்டு, மூடியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் சூடாக இருக்கும்போது திறக்காதே என்று இருந்தது. நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தமிழில் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார், அதன் மேல் செலோடேப் போட்டு.

யாருக்காவது அந்தக் காகிதம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அழகாக எழுதிப் படம் எடுத்துப் போடுகிறேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியுமே. மெக்கானிக் மாணவர்கள், நான் எழுதியதில் தப்பு இருந்தால் கீழே தயங்காமல் திருத்துங்கள். இந்த முறை நீங்கள் எனக்குச் சிவப்பு மையில் சுழிக்கலாம்.